சூரனுக்கு எத்தனை மூஞ்சி? மயிலம் மலையில் ஒரு குட்டிப் பையன் கேட்ட கேள்வி

ஓம் சரவணபவ. 

"அழாதே, சாமி கண்ணைக் குத்திடும்." இந்த வார்த்தையைக் கேட்காம வளர்ந்தவங்க நம்மில் ரொம்ப கம்மி. ஆயா சொல்லியிருப்பாங்க, அத்தை சொல்லியிருப்பாங்க, கோயில் வரிசையில பின்னாடி நின்ன யாரோ ஒருத்தர் கூட சொல்லியிருப்பார். சொன்னவங்க யாரும் கெட்டவங்க இல்லை. கூட்டத்துல குழந்தை கத்துது, சீக்கிரம் அடங்கணும், அவ்வளவுதான் அவங்களுக்கு. ஆனா கேட்கிற குழந்தைக்கு அது எப்படிப் போய்ச் சேருதுன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கு அழுகை வருது. அழுகை வர்றது தப்பு. அந்தத் தப்பைப் பார்த்துட்டே ஒருத்தர் மேலே உட்கார்ந்திருக்கார், கையில வேல் வேற வெச்சிருக்கார்.

இது சின்ன விஷயம்னு தோணலாம். நம்ம வயசுப் பசங்களைப் பாருங்க. "இன்னைக்கு மனசு சரியில்லை, கோயிலுக்கு வரலைடா"ன்னு சொல்றவங்க எத்தனை பேர்! கோபமா இருக்கேன், பொறாமையா இருக்கு, மனசுல என்னென்னமோ ஓடுது, இப்படியே முருகன் முன்னாடி நிற்கக் கூடாதுன்னு நினைக்கிறாங்க. மனசு சரியில்லாத அன்னைக்குத்தானே போகணும்? காய்ச்சல் விட்டதுக்கு அப்புறமா டாக்டர்கிட்ட போறோம்? இந்தத் தயக்கத்தோட வேர், அஞ்சு வயசுல கேட்ட அந்தக் கண்ணைக் குத்துற சாமிகிட்ட இருக்குன்னு நான் நம்புறேன்.

சரி, முருகன் கதைகளை எடுத்துப் பார்ப்போம். எந்தக் கதையிலாவது அழுத குழந்தையை அவர் தண்டிச்சிருக்காரா? நான் படிச்ச வரைக்கும், கேட்ட வரைக்கும் ஒண்ணு கூட இல்லை. சொல்லப் போனா அவரே கோபப்பட்ட குழந்தை. அடம் பிடிச்ச குழந்தை. வீட்டை விட்டுப் போன குழந்தை. ஒரு குழந்தையோட மனசுல என்னவெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சுக்க நமக்கு இவரை விட நல்ல பாடம் கிடையாது.

முதல்ல அந்த ஆறு முகத்தைப் பார்ப்போம். பத்துப்பாட்டுல முதல் பாட்டா வெச்சிருக்கிறது நக்கீரரோட திருமுருகாற்றுப்படை. அதுல ஆறு முகமும் என்னென்ன செய்யுதுன்னு வரிசையா வருது. ஒரு முகம் உலகத்தோட இருட்டைப் போக்கி வெளிச்சம் தருது. ஒண்ணு அன்போட வந்தவங்களுக்கு வரம் கொடுக்குது. ஒண்ணு வேள்வியைக் காவல் காக்குது. ஒண்ணு புரியாத பொருளை நிலா மாதிரி குளிர்ச்சியா விளக்குது. ஒண்ணு போர்க்களத்துல சினத்தோட நிற்குது. இன்னொண்ணு வள்ளியைப் பார்த்துச் சிரிக்குது.

கோப முகத்தை நக்கீரர் ஒளிச்சு வைக்கலைங்கிறதைக் கவனிங்க. "அது மட்டும் கொஞ்சம் சரியில்லை, விட்டுடுவோம்"னு அஞ்சு முகத்தோட நிறுத்தலை. சிரிக்கிற முகமும் சினக்கிற முகமும் ஒரே கழுத்து மேல. அது அதுக்கு ஒரு வேலை இருக்கு. நாம ஆறுமுகம்னு கும்பிடும்போது அந்த ஒரு முகத்தைக் கழிச்சுட்டுக் கும்பிடறதில்லையே. அப்புறம் வீட்டுல இருக்கிற குழந்தைகிட்ட மட்டும் ஏன் "சிரிச்ச மூஞ்சியோட இரு, அப்பத்தான் நல்ல பிள்ளை"ங்கிறோம்?

அந்த ஆறு முகம் வந்த கதை இன்னும் அழகு. சிவனோட நெற்றிக் கண்ணுல இருந்து ஆறு பொறி. அது சரவணப் பொய்கையில ஆறு குழந்தை ஆகுது. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் ஆளுக்கு ஒண்ணா பால் கொடுத்து வளர்க்கிறாங்க. ஒண்ணு தூங்குது, ஒண்ணு அழுது, ஒண்ணு தண்ணியில விளையாடுது, ஆறும் ஆறு திக்கு. அங்க பார்வதி அம்மா வந்து ஆறையும் சேர்த்து ஒரே அணைப்பா அணைக்கிறாங்க. அணைச்ச உடனே ஆறும் ஒரே உடம்பாச்சு, கந்தன்னு பேர் வந்தது. அம்மா என்ன செய்யலைன்னு பார்க்கணும். "நீ அழுவுற, தள்ளி நில்லு, அழுகை நின்னதும் வா"ன்னு ஒண்ணைக் கூட ஒதுக்கலை. அழுத குழந்தையும் அந்த அணைப்புக்குள்ள இருந்தது. அதனாலதான் கணக்கு ஆறு. ஒதுக்கியிருந்தா அஞ்சுமுகம்தான்.

ஒரு குழந்தைக்குள்ள ஒரே சாயங்காலத்துல ஆறு பேர் இருக்காங்க. ஸ்கூல்ல இருந்து வரும்போது ஒருத்தன், ஹோம்ஒர்க் நேரத்துல ஒருத்தன், தங்கச்சிக்கு பெரிய துண்டு கேக் போச்சுன்னா வேற ஒருத்தன். இவங்க எல்லாரும் நான்தான்னு அந்தக் குழந்தைக்கே தெரியாது. யாராவது சேர்த்து அணைச்சாதான் தெரியும்.

அடுத்து எல்லாருக்கும் தெரிஞ்ச மாம்பழக் கதை. நாரதர் கொண்டு வந்த பழம், உலகத்தைச் சுத்தி வர்ற போட்டி, பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுத்தினது, முருகன் கோவிச்சுக்கிட்டு பழனிக்குப் போனது. 1965ல வந்த 'திருவிளையாடல்' படத்துல கே.பி.சுந்தராம்பாள் அம்மா ஔவையாரா வந்து சமாதானம் பேசுற காட்சியை இன்னைக்கும் ரீல்ஸ்ல பார்க்கிறோம்.

இந்தக் கதையை நாம வழக்கமா எப்படிச் சொல்றோம்? பிள்ளையார் புத்திசாலி, பெத்தவங்கதான் உலகம், கதை முடிஞ்சது. பிள்ளையார் செஞ்சது அருமை, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா முருகன் பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்க. உலகத்தைச் சுத்தி வான்னாங்க. அவர் உலகத்தைச் சுத்தி வந்தார். சொன்ன வேலையைச் சொன்னபடி செஞ்சார். வந்து பார்த்தா பரிசு போயாச்சு. சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு இந்த வலி நல்லாத் தெரியும். கேட்டதை கேட்ட மாதிரியே முடிச்சுக் கொடுத்த பிறகு, "நாங்க மனசுல நினைச்சது வேற"ன்னு சொல்லுவாங்க பாருங்க, அதே தான்.

குழந்தைங்க கோபத்துல முக்கால்வாசி இந்த வகை. வெளியில பார்த்தா பழத்துக்கான சண்டை. உள்ள இருக்கிறது "இது நியாயம் இல்லை"ங்கிற வலி. அதோட அண்ணனை வெச்சு அளந்துட்டாங்களேங்கிற வலி. "பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு, உன் அண்ணன் மார்க்கைப் பாரு"ன்னு நாம சொல்ற ஒவ்வொரு தடவையும் வீட்டுல ஒரு மாம்பழத்தை உருட்டி விடறோம்.

அப்புறம் பெத்தவங்க என்ன செஞ்சாங்க? பழனித் தலவரலாறு சொல்றபடி, அவங்களே இறங்கி வந்தாங்க. குழந்தை நின்ன இடத்துக்கு. கயிலாயத்துல உட்கார்ந்துக்கிட்டு "கோபம் தணிஞ்சதும் வா, பேசலாம்"னு ஆள் அனுப்பலை. வந்தும், கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகலை. "பழம் நீ"ன்னு சொன்னாங்க, அதுவே பழனி ஆச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்த வார்த்தையில என்ன இருக்கு பாருங்க. உனக்கு இன்னொரு பழம் வாங்கித் தர்றேன்னு இல்லை. நீ ஜெயிச்சாலும் தோத்தாலும் எங்களுக்கு நீதான் பழம். அதைக் கேட்டும் அவர் திரும்பிப் போகலை, மலையிலயே நின்னுட்டார். அந்தக் கோவிச்சுக்கிட்ட குழந்தையைப் பார்க்கத்தான் நாம இன்னைக்கும் காவடி தூக்கிட்டு மலை ஏறுறோம்.

ஆள் அனுப்பறதுன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனை முருகன் சிறையில போட்டார் இல்லையா, கந்தபுராணத்துல அந்தப் பகுதியில ஒரு சின்ன விஷயம் இருக்கு. சிவபெருமான் முதல்ல நந்தியைத்தான் அனுப்பறார். போய் பிரம்மனை விடச் சொல்லுன்னு. முருகன் விடலை. நீ போறியா, இல்லை உன்னையும் சேர்த்து உள்ள போடட்டுமாங்கிற மாதிரி பதில் வருது. நந்தி பேசாம திரும்பி வந்துடறார். அப்புறம் சிவபெருமானே நேர்ல வர்றார். அப்பா வந்து சொன்னதும் பிரம்மனை விட்டுடறார்.

நம்ம வீடுகள்ல தினம் நடக்கிறது இது. அப்பா ஹால்ல போனைப் பார்த்துக்கிட்டே, "ஏய், உன் பையனை என்னன்னு கேளு"ம்பார். அம்மாதான் நந்தி. அம்மா போய் ரெண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கிட்டு வருவாங்க. நந்தியை எத்தனை தடவை அனுப்பினாலும் வேலைக்கு ஆகாதுன்னு புராணமே சொல்லியாச்சு. நேர்ல போகணும். போய், முதல்ல தப்பை நிறுத்தணும். "பிரம்மனை விடு"ன்னு அப்பா தெளிவாத்தான் சொன்னார். படைப்புத் தொழில் நின்னு கிடக்குது, குழந்தைதானேன்னு விட முடியாது. ஆனா அதோட கிளம்பிப் போயிடலை. "சரி, அந்தப் பொருள் உனக்குத் தெரியுமா, சொல்லு"ன்னு கேட்டார். கேட்கிறதுக்காக சீடன் மாதிரி பணிஞ்சு நின்னார். சுவாமிமலையில அப்பாவுக்குப் பாடம் சொன்ன சுவாமிநாதனா அவர் நிற்கிறது அதனாலதான்.

கோபப்பட்ட குழந்தைகிட்ட ஒரு விஷயம் சொல்ல இருக்கும். அதை அதுக்குச் சொல்லத் தெரியாம கோபமா வெளியில வருது. "உனக்கு என்ன தெரியும்?"னு அதட்டிக் கேட்கிறதுக்கும், "உனக்கு என்ன தெரியும், சொல்லேன்"னு பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறதுக்கும் வார்த்தை ஒண்ணுதான். குரல்தான் வேற.

இப்போ திண்டிவனத்துக்கு வர்றேன். எங்க வீடு விழுப்புரம், அக்காவைக் கட்டிக் கொடுத்தது திண்டிவனம். அக்கா பையனுக்கு எட்டு வயசு. கொஞ்ச நாளா அவனுக்கு திங்கட்கிழமை காலையில வயித்து வலி. சனி, ஞாயிறு நல்லா ஓடி ஆடுவான். திங்கட்கிழமை காலையில சுருண்டு படுத்துடுவான். டாக்டர்கிட்ட காட்டினாச்சு, பரிசோதனை எல்லாம் பார்த்தாச்சு, உடம்புல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. "நடிக்கிறான், ரெண்டு போட்டா சரியாயிடும்"னு வீட்டுப் பெரியவங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க. அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பலை. "டேய், அவன் முகத்தைப் பார்த்தா நடிக்கிற மாதிரி இல்லைடா"ன்னு போன்ல சொல்லுவா.

சஷ்டிக்கு அவனைச் சூரசம்ஹாரம் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். நம்ம பக்கம் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். சூரன் பொம்மை தலையை ஆட்டிக்கிட்டு வரும். முதல்ல யானை மூஞ்சி. வேல் பட்டதும் அது போய் சிங்க மூஞ்சி வரும். அதுவும் போய் சூரனோட சொந்த மூஞ்சி. அக்கா பையன் என் தோள் மேல உட்கார்ந்து பார்த்துட்டு, "மாமா, ஒரே பொம்மைக்கு எதுக்கு மூஞ்சியை மாத்திட்டே இருக்காங்க? சூரனுக்கு மொத்தம் எத்தனை மூஞ்சி?"ன்னான்.

புராணப்படி யானைமுகன் தாரகன், அடுத்தவன் சிங்கமுகன், மூத்தவன் சூரபத்மன். மூணு பேரும் அண்ணன் தம்பிங்க. ஆனா அந்தக் காட்சியில உடம்பு ஒண்ணுதான், தலை மட்டும் மாறுது. கந்தபுராணத்துலயும் கடைசிப் போர்ல சூரன் பறவையா வருவான், கடலா வருவான், இருட்டா வருவான், கடைசியில மாமரமா நிற்பான். (கவனிச்சீங்களா, இங்கயும் மாமரம்!) அதனால அவனுக்குப் புரியற மாதிரி, "பயத்துல இருக்கிறவன் ஒரே மூஞ்சியோட நிற்க மாட்டான்டா, மாத்திட்டே இருப்பான். முருகர் ஒவ்வொண்ணா எடுத்துட்டு உள்ள யாருன்னு பார்க்கிறார்"னு சொன்னேன். அவன் அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலை.

அடுத்த கிருத்திகைக்கு ரெண்டு பேரும் மயிலம் போனோம். திண்டிவனத்துல பஸ் ஏறி கூட்டேரிப்பட்டு வழியாப் போனா கொஞ்ச நேரம்தான். மலை பெரிய உயரம் இல்லை, எட்டு வயசுப் பையன் ஓடியே ஏறிடுவான். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பாதி படியில உட்கார்ந்தான். "மாமா, வயித்துல யானை வந்துடுச்சு"ன்னான். எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம்தான் புரிஞ்சது. "உள்ள யாரு இருக்கா?"ன்னு கேட்டேன். "தெரியலை"ன்னான். "சரி, தெரியறப்போ சொல்லு"ன்னு நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். படியில போறவங்க வர்றவங்களைப் பார்த்துட்டு இருந்தோம். ரொம்ப நேரம். ஒரு கல்யாண கோஷ்டி எங்களைத் தாண்டி மேலே போச்சு. மயிலத்துல முகூர்த்த நாள்னா தெரியுமே.

தரிசனம் முடிஞ்சு இறங்கி வரும்போதுதான் சொன்னான். திங்கட்கிழமை கிளாஸ்ல ஒவ்வொருத்தரா எழுந்து சத்தமா பாடம் படிக்கணும். இவனுக்கு சில எழுத்து தட்டுது. தட்டினா பசங்க சிரிக்கிறாங்க. அவ்வளவுதான். மூணு மாசமா அந்தச் சிரிப்புதான் யானைத் தலையை மாட்டிக்கிட்டு வயித்து வலியா வந்திருக்கு.

இதுல எனக்கு ஆச்சரியம், அவன் பொய் சொல்லலைங்கிறது. வலி உண்மையான வலி. பயத்துல பெரியவங்களுக்கே வயித்தைக் கலக்குதே. இன்டர்வியூக்குப் போற அன்னைக்கு நமக்கு வராதா? அவனுக்கு பயம்ங்கிற பேர் கைவசம் இல்லை, வயிறுங்கிற பேர் இருந்தது. இருக்கிற வார்த்தையை வெச்சு சொல்லியிருக்கான்.

மனசுல ஓடுறதுக்குப் பேர் வெச்சாலே பாதி பாரம் இறங்கிடும்னு சொல்லுவாங்க. அதை ஆராய்ச்சியும் பண்ணியிருக்காங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துல மேத்யூ லீபர்மேன்ங்கிறவரும் அவர் குழுவும் 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கோபமான, பயந்த முகங்களோட படங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் பண்ணாங்க. அந்த முகத்துல தெரியற உணர்ச்சிக்கு "கோபம்", "பயம்"னு வார்த்தையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னப்போ, மூளையில ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலாங்கிற பகுதியோட பரபரப்பு குறைஞ்சது. யோசிச்சு நிதானிக்கிற முன்பகுதி அதிகமா வேலை செஞ்சது. பேர் சொன்னது மட்டும்தான் அங்க நடந்தது. அறிவுரை இல்லை, அதட்டல் இல்லை.

நாம வேலுக்குச் சொல்ற பொருளும் ஞானம்தானே? ஞானவேல்னு பேரே வெச்சிருக்கோம். கூர்மையா, அகலமா, ஆழமா போறது அறிவு. ஒவ்வொரு மூஞ்சியா எடுத்துட்டு உள்ள இருக்கிறது யாருன்னு காட்டுற அறிவு. அந்தப் பையன் யானை, சிங்கம்னு சொல்லப் பழகினது அவன் கைக்கு ஏத்த குட்டி வேல்.

மயிலத்தைப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லணும். அந்த மலைக்கு ஏன் அந்தப் பேர் தெரியுமா? முருகன்கிட்ட தோத்த சூரபத்மன், அவருக்கு வாகனமா இருக்கிற வரம் வேணும்னு இங்க மயில் வடிவ மலையா நின்னு தவம் பண்ணினான்னு தலபுராணம். நம்ம விழுப்புரம் மாவட்டத்துக்குக் கிடைச்ச பெரிய பாக்கியம் இது. திருச்செந்தூர்ல நடந்த சண்டையோட மறுபாதி இங்க இருக்கு. சண்டையில சூரன் சாகலை. மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்தது, ஒரு பாதி மயிலாச்சு, ஒரு பாதி சேவலாச்சு. மயில் மேல அவர் ஏறி உட்கார்ந்தார், சேவலைக் கொடியில வெச்சார். எதிரியைத் தூக்கி எறியலை, வேலை கொடுத்தார்.

குழந்தையோட கோபத்தையும் பயத்தையும் அழிச்சே ஆகணும்னு நிற்கிறவங்க இந்த மலையை ஒரு தடவை பார்த்துட்டு வரட்டும். அழிக்கவும் முடியாது. உள்ள அமுக்கினா அது வயித்து வலியா வரும், தூக்கத்துல உளறலா வரும், தங்கச்சியைக் கிள்ளுறதா வரும். கோபம் மயிலாகும்போது எப்படி இருக்கும்? வேற ஒரு பையனைக் கேலி பண்ணும்போது "டேய், சிரிக்காதீங்கடா"ன்னு எழுந்து நிற்கிறதும் அதே கோபம்தான். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிச்சுக்கிறதும் அதே பயம்தான்.

இதைக் கேட்டுட்டு, "அப்போ பையன் அடிச்சாலும் உடைச்சாலும் கொஞ்சிட்டே இருக்கணுமா?"ன்னு கேட்கிறவங்க இருப்பீங்க. இல்லைங்க. மரத்தை வேல் பிளக்கத்தான் செஞ்சது, தடவிக் கொடுக்கலை. பிரம்மனை விடுன்னு அப்பா சொல்லத்தான் செஞ்சார். கோபம் வரலாம், கை ஓங்கக் கூடாது. இந்தக் கோட்டை தெளிவாப் போடணும், தினமும் ஒரே இடத்துல போடணும். இன்னைக்கு சிரிச்சுட்டு விட்டதுக்கு நாளைக்கு அறைஞ்சா, குழந்தைக்கு கோடு எங்க இருக்குன்னே தெரியாது. அடிக்கக் கூடாதுன்னு அடிச்சுச் சொல்லித் தர்றதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை, நீங்களே சிரிச்சுக்கோங்க.

பொய் சொல்ற குழந்தை விஷயத்துலயும் இதே தான். திண்டிவனம் பக்கத்துல தீவனூர்ல பொய்யாமொழிப் பிள்ளையார் இருக்கார். மிளகு வியாபாரி கேட்டவங்களுக்குத் தர மனசில்லாம இது உளுந்துன்னு பொய் சொல்ல, மூட்டை முழுக்க உளுந்தாவே ஆயிடுச்சுன்னும், அவன் வந்து மன்னிப்புக் கேட்டதும் திரும்ப மிளகாச்சுன்னும் சொல்லுவாங்க. அண்ணனும் தம்பி மாதிரிதான். உண்மையைச் சொன்னவனுக்கு மிளகைத் திருப்பிக் கொடுத்துட்டார். நாம, உண்மையை ஒத்துக்கிட்ட பிள்ளைக்கும் ரெண்டு போட்டா, அடுத்த தடவை அது எதுக்கு ஒத்துக்கும்?

குமரகுருபரர் கதையும் இந்த இடத்துல சொல்லியே ஆகணும். ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குழந்தை. அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வரலை. பெத்தவங்க திருச்செந்தூர் முருகன் சன்னதிக்குக் கொண்டு போய் விரதம் இருந்தாங்க. பேச்சு வந்தது, முதல் பாட்டே கந்தர் கலிவெண்பான்னு வரலாறு. பின்னாடி அவரே வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமி மேல பிள்ளைத்தமிழ் பாடினார். வாய் பேசாத குழந்தையா இருந்தவர், முருகனைக் குழந்தையா வெச்சுப் பாடினார்ங்கிறதுதான் இதுல என்னை ரொம்ப உருக்குறது. பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம் இருக்கு. அதுல சிற்றில் பருவம்னு ஒண்ணு. சின்னப் பொண்ணுங்க கட்டின மணல் வீட்டை ஆண் குழந்தை காலால கலைக்க வருது, "சிதைக்காதேப்பா"ன்னு அவங்க கெஞ்சுறாங்க. நாம இன்னைக்கு குறும்புன்னு புகார் பண்றதை நம்ம புலவருங்க பாட்டாப் பாடி வெச்சிருக்காங்க.

அந்தப் பெத்தவங்க அஞ்சு வருஷம் காத்திருந்தாங்க. ஆனா இதைப் படிச்சுட்டு யாரும் "நாங்களும் கோயிலுக்குப் போய்க் காத்திருக்கோம்"னு மட்டும் இருந்துடாதீங்க. அந்தக் காலத்துல அவங்களுக்கு இருந்த வழி அது. இன்னைக்கு முருகன் நமக்கு இன்னும் பல வழி கொடுத்திருக்கார். பேச்சு தள்ளிப் போற குழந்தை, திடீர்னு யார்கிட்டயும் பேசாம ஒதுங்குற குழந்தை, சாப்பாடு தூக்கம் மாறிப் போன குழந்தை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு பேசுற குழந்தை, இவங்களை டாக்டர்கிட்ட காட்டணும். முண்டியம்பாக்கத்துல இருக்கிற விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. போன்லயே பேசணும்னா 14416, இது டெலி மனஸ் இலவச எண், 2022 அக்டோபர்ல தொடங்கினாங்க, தமிழ்லயே பேசலாம். பள்ளிப் பிள்ளைங்களுக்குத் தமிழக அரசோட 14417 இருக்கு. யாராவது குழந்தையைத் துன்புறுத்துறாங்கன்னா 1098. திருநீறு பூசிட்டுப் போன் பண்ணுங்க. ரெண்டுக்கும் நடுவுல சண்டை கிடையாது. பரீட்சை ரிசல்ட் வர்ற வாரத்துல பேப்பரைப் பிரிக்கவே பயமா இருக்கிற ஊர்ல இருக்கோம். இந்த மூணு நம்பர் எல்லார் போன்லயும் இருக்கணும்.

கடைசியா நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு. இதைப் படிக்கிறதுல நிறைய பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது, குழந்தை வளர்ப்பு நமக்கு எதுக்குன்னு தோணலாம். ஆனா நீங்க ஒரு குழந்தைக்கு மாமா. இல்லைன்னா சித்தப்பா, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன், அக்கா. அப்பா அம்மாகிட்ட சொல்ல முடியாததை குழந்தைங்க நம்மகிட்டதான் சொல்லும். மார்க் குறைஞ்சா நாம திட்ட மாட்டோம்னு அதுங்களுக்குத் தெரியும். முருகனையே மால்மருகன்னுதான் கூப்பிடறோம், பெருமாள் அவருக்குத் தாய்மாமன். ஊருக்குப் போனா கையில போனைக் கொடுத்து உட்கார வைக்காதீங்க. ஒரு பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போங்க, ஜன்னல் ஓரம் உட்கார வையுங்க. கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காதீங்க. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துட்டு இருக்கும்போதுதான் பசங்க வாய் திறக்கும்.

அக்கா ஸ்கூலுக்குப் போய் டீச்சர்கிட்ட பேசினா. அந்த டீச்சரும் நல்ல மனசு உள்ளவங்க. வெள்ளிக்கிழமையே எந்தப் பாடம்னு சொல்லி அனுப்பறாங்க, அவனும் சனி, ஞாயிறுல ரெண்டு தடவை வீட்டுல படிச்சுப் பார்க்கிறான். வயித்து வலி முழுசா போகலை. போன வாரம் கூட யானை வந்துச்சாம். அக்கா கேட்டதுக்கு, "சின்ன யானைதான்மா"ன்னு சொல்லிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டானாம். தை கிருத்திகைக்கு திரும்ப மயிலம் போகணும், இந்த தடவை தங்கச்சியையும் கூட்டிட்டு வரணும்னு இப்பவே எனக்கு உத்தரவு வந்திருக்கு.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.